எண்பத்து மூன்று டிகிரி வரை

"இதை இப்படிப் பண்ணினது யாரு?"

முதல் சந்திப்பில் ஒருவன் ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது... மழை பெய்திருக்கலாம், இரண்டு குடைகள் மோதியிருக்கலாம். எதுவும் இல்லை. வெளியே சனிக்கிழமை காலை வெயில் மண்டையைப் பிளந்தது. வணிக வளாகத்தின் முதல் மாடியில் இருந்த அந்தச் சின்ன ரிப்பேர் கடைக்குள் ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. மேசையில், வேலைக்கு நடுவே நின்றுபோன அவளுடைய கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் கடைக்காரன். முப்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால்... சரி, கண்கள் அழகுதான். அதை ஒத்துக்கொள்ளும் மனநிலையில் அவள் இல்லை.

"நான்தான்," என்றாள்.

"கிராபிக்ஸ் கார்டோட வேகத்தை இருநூறு ஏத்தியிருக்கீங்க. அதோட மெமரியை ஆயிரத்து இருநூறு. எங்கேருந்து பிடிச்சீங்க இந்த நம்பரை?"

"ஒரு வீடியோவுல ஒருத்தர் போட்டிருந்தார். அவருக்கு நல்லாத்தான் ஓடுச்சு."

"அது அவரோட கார்டு."

"ரெண்டும் ஒரே மாடல்தான். பெட்டிகூட ஒரே கலரு."

"அக்காவும் தங்கச்சியும்கூட ஒரே வீட்டுலதான் பொறக்கிறாங்க. அக்காவோட கண்ணாடியைத் தங்கச்சிக்கு மாட்டிவிட்டா கண்ணு தெரியுமா?"

"எனக்கு அக்கா கிடையாது. அண்ணன்தான்," என்றாள் விறைப்பாக.

அவன் உதட்டோரம் ஏதோ துடித்து அடங்கியது. சிரிப்பாக இருக்கலாம். "எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டான், இந்த முறை கொஞ்சம் இறங்கிய குரலில்.

சொன்னாள். இன்னும் கட்டாத கட்டடங்களுக்குள் நடந்து போவது போலப் படம் தயாரிப்பது அவள் வேலை. வரைபடத்தைக் கொடுத்தால் போதும். சுவர், படிக்கட்டு, ஜன்னலில் விழுகிற வெளிச்சம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எழுப்பிவிடுவாள். ஆறு வருடம் ஒரு ஆபீசில் குப்பை கொட்டினாள். படம் அவளுடையது, கடைசியில் வரும் பெயர் முதலாளியுடையது. இரண்டு மாதத்துக்கு முன் ராஜினாமா கடிதத்தை நீட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள். இப்போது புதிதாக வரப்போகும் ஒரு நூலகத்துக்கு, அதைக் கட்டும் குழு பலரிடமும் போட்டிக்கு ஒரு நிமிடப் படம் கேட்டிருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பழைய முதலாளிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டு அங்கேயே திரும்பிப் போக வேண்டும் என்று அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தார். அவளும் ரோஷத்தில் சரி என்று தலையாட்டி வைத்திருந்தாள்.

"ஒரு நிமிஷம்னா ஆயிரத்து நானூத்தி நாப்பது ஃபிரேம். ஒண்ணொண்ணையும் கம்ப்யூட்டர் தனித்தனியா வரையணும். ஒரு ஃபிரேமுக்கு அஞ்சு நிமிஷம். மொத்தம் நூத்தி இருபது மணி நேரம். இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சா என்கிட்ட இருக்கிறது நூத்திப் பன்னெண்டுதான். அந்த எட்டு மணி நேரத்தைத்தான் கார்டுகிட்டேருந்து பிடுங்கப் பார்த்தேன்."

"படத்தோட தரத்தைக் கொஞ்சம் குறைச்சா முடிஞ்சிடுமே..."

"மாட்டேன்."

டார்ச்சை அணைத்துவிட்டு அவன் முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். நேராக, நிதானமாக... ஐயோ, இப்படியா பார்ப்பது. அவள் சட்டென்று மேலே சுற்றும் விசிறியைப் பார்க்கத் தொடங்கினாள். ஏசி போட்ட கடையில் விசிறி ஏது... வெறும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்க," என்றான். "எட்டு மணி நேரத்தை எடுத்திடலாம். ஆனா நான் சொல்ற மாதிரிதான் எடுக்கணும்."

முதலில் எல்லா எண்களையும் கம்பெனி வைத்த பழைய இடத்துக்கே கொண்டு போனான். தூசியை ஊதினான். பிறகு வேகத்தைப் பதினைந்து ஏற்றினான். வெறும் பதினைந்து. அவளுடைய படத்திலேயே ஒரு ஃபிரேமை எடுத்து மறுபடி மறுபடி வரையவிட்டு, பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். ஒரு தாளில் வேகம், சூடு, ஆன நேரம் எல்லாவற்றையும் குறித்தான். மறுபடி பதினைந்து.

"என்ன இது, குழந்தைக்கு மருந்து ஊட்டுற மாதிரி..."

"அவசரப்பட்டு ஊட்டினா துப்பிடும்."

"வோல்டேஜை ஏத்தினா சீக்கிரம் ஏறும்னு அந்த வீடியோவுல..."

"அந்த வீடியோவை முதல்ல மறந்திடுங்க. வோல்டேஜ் பக்கம் போய்த்தான் நிறைய கார்டு செத்திருக்கு. அப்புறம், சூடு எண்பத்திமூணு டிகிரியைத் தாண்டக் கூடாது. இது என் கணக்கு. தாண்டினா அந்த வேகம் நமக்கில்லைன்னு விட்டுடணும்."

மெமரியின் முறை வந்தபோது அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு தானே எழுதினாள். ஐந்நூறு வரை நேரம் குறைந்துகொண்டே வந்தது. அறுநூறில் எதுவும் நிற்கவில்லை, திரை கறுக்கவில்லை, எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் ஒரு ஃபிரேமுக்கு நாலு நொடி கூடியிருந்தது.

"தப்பா எழுதிட்டேனா?"

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. வேகம் தாங்காம அது தப்புத் தப்பாப் படிக்குது. அப்புறம் தானே கண்டுபிடிச்சு மறுபடி படிக்குது. வெளியே பார்த்தா ஜோரா ஓடுற மாதிரி இருக்கும். நீங்க ஆயிரத்து இருநூறு வெச்சீங்களே... நிக்கிறதுக்கு முன்னாடி அது பழைய வேகத்தைவிட மெதுவாத்தான் வேலை பார்த்திருக்கும்."

அவள் முகம் சுண்டிப்போனது. இரண்டு நாளாக அவள் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்த எண் அது. கேலி செய்ய அருமையான சந்தர்ப்பம்... அவன் செய்யவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அந்த இடத்தில்தான் அவனை அவளுக்குப் பிடித்துத் தொலைத்தது.

நாலு மணி நேரம் கழித்து, ஒரு ஃபிரேமுக்கு நாலு நிமிடம் முப்பத்தாறு நொடி என்று வந்து நின்றது. மொத்தம் நூற்றுப் பத்து மணி நேரத்துச் சொச்சம். போதும்.

"எண்பத்திமூணைத் தாண்டினா உடனே போன் பண்ணுங்க," என்றான்.

போனில் அவன் எண்ணை 'எண்பத்திமூணு' என்றே பதிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணியோடு கடைத்தெருவுக்குப் போய்விட்டு நாலு மணிக்கு மாடி ஏறினாள். அவள் அறை மொட்டை மாடியில் தனியாக இருந்தது. மேற்கே வெறும் சுவர், ஒற்றை ஜன்னல், கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறையும். திரை கறுத்துக் கிடந்தது. கடைசி ஃபிரேம் ஒன்று நாற்பதுக்கு முடிந்திருந்தது. இரண்டு மணி நேரம் இருபது நிமிடம்... போயே போய்விட்டது.

போன் செய்தாள்.

"எந்த நம்பரையாவது தொட்டீங்களா?" என்றான் எடுத்த எடுப்பிலேயே.

"இல்ல."

"நாலு மணி நேரம் கூடவே உட்கார்ந்து பார்த்து அனுப்பின கார்டு. என் கை பட்டுப் போனது எதுவும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல. நல்லா யோசிச்சுப் பாருங்க. ஏற்கனவே ஒரு தடவை வீடியோவைப் பார்த்துட்டு நீங்க..."

"தொடலன்னு சொல்றேன்."

"தொடாம எப்படிங்க..."

வைத்துவிட்டாள். அந்த 'ஏற்கனவே'தான் சுட்டது. ஒரு தடவை தப்புச் செய்தவள் என்றால் ஒவ்வொரு தடவையும் அவள்தானா... பழைய முதலாளியும் இப்படித்தான் பேசுவார். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டு, கீழே போய் அண்ணனின் மேசைக் கடிகாரத்தைத் தூக்கி வந்தாள். அதில் அறையின் வெப்பமும் தெரியும். ஒரு நோட்டைப் பிரித்துக் கோடு போட்டாள். நான் தொடவில்லை என்பதை எழுதியே காட்டுகிறேன், இரு.

கால் மணிக்கு ஒரு தடவை எழுதினாள். சாயங்காலம் நன்றாக ஓடியது. திங்கட்கிழமை காலையிலும் நன்றாக ஓடியது. பன்னிரண்டு மணிக்கு அறை முப்பத்தைந்து, கார்டு எண்பத்திரண்டு. ஒரு மணிக்கு அறை முப்பத்தெட்டு, கார்டு எண்பத்தைந்து. அவனுக்கு போன் பண்ண வேண்டிய எண்ணைத் தாண்டியாகிவிட்டது. பண்ணவில்லை. ஒன்றே காலுக்கு அறை முப்பத்தொன்பது, கார்டு எண்பத்தேழு... திரை கறுத்தது. அதையும் எழுதினாள். கார்டைப் பழைய மெதுவான வேகத்துக்கே இறக்கி ஓடவிட்டு, நோட்டோடு கிளம்பினாள்.

கடையில் அவன் தனியாகத்தான் இருந்தான். நோட்டை மேசையில் வைத்தாள். உட்காரவில்லை.

"படிங்க."

படித்தான். இரண்டாவது பக்கத்தில் அவன் விரல் நின்றது. எழுந்து போய் ஒரு ஃபைலைக் கொண்டு வந்தான். வந்து போன எல்லாக் கார்டுகளின் தாள்களும் அதில் இருந்தன. ஒவ்வொரு தாளிலும் கடைசிக் கட்டம் 'அறை வெப்பம்'. எல்லாவற்றிலும் குண்டு குண்டாக எழுதியிருந்தான், ஏசி அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை என்று. அவளுடைய சனிக்கிழமைத் தாளில் மட்டும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

அவன் போய் ஏசியை அணைத்தான். கதவைச் சாத்தினான். வெயில் விழும் ஜன்னலின் திரையை விலக்கினான். அவனிடம் இருந்த இன்னொரு கார்டை, அதே மாடல், ஏற்கனவே ஏசியில் பார்த்து வைத்திருந்த அதன் வேகத்திலேயே ஓடவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. இங்க வெந்திடும்."

"என் ரூம் இதைவிட வேகும்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சின்னக் கடை, சீக்கிரமே அடுப்படி மாதிரி ஆகிவிட்டது. அவன் சட்டை முதுகோடு ஒட்டியது. வியர்வையில் மூக்குக் கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருந்தது, அவனும் சளைக்காமல் மேலே தள்ளிக்கொண்டே இருந்தான். கடைசியில் கழற்றி வைத்துவிட்டான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... இவனோடு சண்டை போட வந்தோம் என்று அவள் தனக்குத் தானே இரண்டு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐம்பதாவது நிமிடத்தில் திரை கறுத்தது.

"தப்பு என்னோடது," என்றான். "வர்றவங்ககிட்ட ரூம் எப்படி இருக்கும்னு கேட்டுத்தான் வேலையையே ஆரம்பிப்பேன். உங்ககிட்ட கேட்கல. ஞாயித்துக்கிழமை போன்ல பேசினது அதைவிடப் பெரிய தப்பு."

ஜெயித்துவிட்டோம் என்று துள்ள வேண்டியவள்தான். துள்ள வரவில்லை. இப்படி மழுப்பாமல் ஒத்துக்கொள்கிற ஆளை ஆறு வருட ஆபீஸ் வாழ்க்கையில் அவள் பார்த்ததே இல்லை. "ஏன் கேட்கல?" என்றாள்.

அவன் ஃபைலை மூடினான். "நாளைக்கு மதியம் ஒண்ணரைக்கு உங்க வீட்டுக்கு வரேன். இருக்கிறதுலயே மோசமான நேரத்துல வெச்சுத்தான் இனிமே பார்க்கணும்."

செவ்வாய்க்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தான். கதவைத் திறந்த அண்ணி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த எண்பத்திமூணா? வயசு கம்மியாத்தான் தெரியுது."

அவன் திருதிருவென்று விழித்தான். மாடிப்படியில் நின்றிருந்தவள் அண்ணியைக் கண்ணாலேயே கொன்றாள்.

அறைக்குள் நுழைந்ததும் அவன் கண்ணில் முதலில் பட்டது மேசை. கம்ப்யூட்டர் அதன் கீழ்த் தட்டுக்குள், கதவு சாத்தி, பூனைக்குட்டி மாதிரி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

"இதுக்கு மூச்சு விட வழியே இல்லையே..."

"தூசி படியுதுன்னு..."

"தூசியைத் துடைச்சுக்கலாம்."

வெளியே இழுத்து, மேற்குச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தான். விசிறிகள் முன்கூட்டியே வேகமெடுக்கும்படி மாற்றினான். பிறகு அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான். வேகத்தை இரண்டு படி இறக்கிவிட்டு, வோல்டேஜையும் குறைத்தான்.

"வோல்டேஜ் பக்கமே போகக் கூடாதுன்னீங்க?"

"ஏத்தக் கூடாதுன்னுதான் சொன்னேன். குறைச்சா சூடு குறையும். குறைச்சாலும் இந்த வேகத்துல நிக்குதான்னு பார்க்கணும். நிக்கலேன்னா திரை கறுக்கும், அவ்வளவுதான், கார்டுக்கு ஒண்ணும் ஆகாது."

இருவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம். அறை முப்பத்தொன்பது டிகிரியில் கொதித்தது. கார்டு எழுபத்தொன்பதில் ஏறி நின்றது, அதற்கு மேல் அசையவே இல்லை. ஒரு ஃபிரேமுக்கு நாலு நிமிடம் நாற்பது நொடி. அவள் மூச்சை விட்டாள். பிறகு மீதி ஃபிரேம்களைக் கணக்குப் போட்டாள். முகம் விழுந்தது.

"நின்னது, மெதுவா ஓடினது எல்லாம் சேர்த்து அஞ்சு மணி நேரம் குறையுது."

"இதுக்கு மேல ஏத்தினா நான் உங்களை ஏமாத்தின மாதிரி ஆகிடும்," என்றான் மெல்ல.

"ஏத்த வேண்டாம். தரத்தையும் குறைக்க மாட்டேன். வேற வழி இருக்கும்." அவள் எழுந்து நடந்தாள். ஜன்னலுக்கும் கதவுக்கும், கதவுக்கும் ஜன்னலுக்கும்... அவனோ திரையில் அவள் செய்து வைத்திருந்த மாதிரிப் படத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் தொடங்கி, படி ஏறி, அலமாரிகளுக்கு நடுவே நடந்து, கடைசி நாலு நொடி ஒரு வாசிப்பு அறையில் அசையாமல் நிற்கிறது படம். ஜன்னல் திரைச்சீலை மட்டும் காற்றில் ஆடுகிறது.

"எனக்கு உங்க வேலை தெரியாது," என்று தயங்கினான். "சும்மா கேட்கிறேன். இந்தக் கடைசி ரூம்ல திரைச்சீலை மட்டும்தானே ஆடுது... மத்த இடத்தையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுசா வரையணுமா?"

அவள் நின்றாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். வேண்டாம். வரையவே வேண்டாம். அறையை ஒரே ஒரு தடவை வரைந்தால் போதும். திரைச்சீலையையும் தரையில் அதன் நிழல் விழுகிற இடத்தையும் மட்டும் மற்றத் தொண்ணூற்றைந்து ஃபிரேமுக்கும் வரைந்து மேலே ஒட்டிவிடலாம். ஏழரை மணி நேர வேலை இரண்டரை மணியில் முடியும். இது அவளுக்குத் தெரியாததில்லை. பதற்றத்தில் மூளை அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

"நீங்க என்ன படிச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"ஒண்ணும் இல்ல... இப்ப என் கண்ணுக்கு ரொம்ப அழகாத் தெரியறீங்க, அதான் கேட்டேன்."

வாய் முந்திக்கொண்டுவிட்டது. அவள் திரையின் பக்கம் திரும்பி, வேலை செய்வது போல ஏதேதோ தட்டினாள். அவன் காதுமடல் சிவந்ததைக் கறுப்பான திரை ஓரத்தில் பார்த்தும் பார்க்காதவளாக இருந்தாள். கீழே அண்ணி ஏதோ பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள்.

புதன்கிழமை முழுக்கக் கார்டு எண்பதைத் தொடவில்லை. அவன் மதியம் மூன்று தடவை போன் செய்து சூடு கேட்டான். மூன்றாவது தடவை சூட்டைக் கேட்கவே மறந்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தான்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மாடி அறையில் நாலு பேர். நாற்காலியில் அவள். பின்னால் அவன். கதவோரம் அண்ணி. ஆபீசுக்குக் கிளம்பிய உடுப்போடு, கையில் பையோடு அண்ணன். ஒன்பது இருபத்தொன்றுக்குக் கடைசி ஃபிரேம் முடிந்தது. திரைச்சீலையை ஒட்டி, எல்லாவற்றையும் கோத்து, ஒன்பது நாற்பத்தாறுக்கு அனுப்பினாள். ஐம்பத்திரண்டுக்குக் குழுவிலிருந்து 'கிடைத்தது' என்று ஒற்றை வரி வந்தது.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "ஒரு தடவை போட்டுக் காட்டு."

போட்டாள். நூலகம் திறந்தது. படிக்கட்டில் வெளிச்சம் இறங்கியது. கடைசியில் திரைச்சீலை ஆடி அடங்கியதும், கறுப்பில் வெள்ளையாக ஒரு பெயர் வந்தது. அவள் பெயர். அது மட்டும். அண்ணன் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

"அந்த வெளிச்சம்... நீயா பண்ணினது?"

"ஆமாண்ணா."

"ம்." பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "லெட்டர் எல்லாம் ஒண்ணும் எழுத வேண்டாம்." படி இறங்கப் போனவர் நின்று, "தம்பி, சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார். அண்ணியும் அவர் பின்னாலேயே போனாள். போகும்போது கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

குழு அவளைத் தேர்ந்தெடுக்குமோ வேண்டாமென்று சொல்லுமோ, அது அடுத்த வாரக் கவலை. இப்போது அறை அமைதியாக இருந்தது. ஐந்து நாளாக இரைந்துகொண்டிருந்த விசிறிகள்கூட அடங்கிவிட்டன.

"ஒரு கேள்வி கேட்டேன். நீங்க இன்னும் பதில் சொல்லல," என்றாள். "எல்லார்கிட்டயும் கேட்கிறதை என்கிட்ட ஏன் கேட்கல? அந்தக் கட்டத்தை ஏன் காலியா விட்டீங்க?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான்.

"நீங்க 'மாட்டேன்'னு சொன்னீங்க பாருங்க... அதுக்கப்புறம் எனக்கு என்ன கேட்கணும்னு எதுவும் ஞாபகம் வரல. பத்து வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். கடையோட சூட்டைக் காட்டுற தெர்மாமீட்டர் உங்க தலைக்குப் பின்னாடி சுவத்துலதான் மாட்டியிருந்துச்சு. நாலு மணி நேரமும் அந்தப் பக்கம்தான் பார்த்துட்டிருந்தேன். அது மட்டும் கண்ணுல படல." நிறுத்தினான். "இதைச் சொல்லாம ஏமாத்திடலாம்னு பார்த்தேன். முடியல. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. என்னால உங்களுக்கு அஞ்சு மணி நேரம் போச்சு. மன்னிச்சிடுங்க."

அவள் நாற்காலியை மெல்ல அவன் பக்கம் திருப்பினாள். அவனுக்கு அது நாலு நிமிடம் நாற்பது நொடிக்கு மேலேயே ஓடியது போல இருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள் கடைசியில். "ஞாயித்துக்கிழமை மாடி ஏறி வந்தேன். திரை கறுத்துக் கிடந்துச்சு. என் பொழைப்பே அதுலதான் இருக்கு... அந்த நிமிஷம் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா?"

"என்ன?"

"அப்பாடா, உங்களுக்கு போன் பண்ண ஒரு காரணம் கிடைச்சிருச்சுன்னு. அதுக்கப்புறம்தான் அழுகையே வந்துச்சு."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொள்ள மறந்து அவளையே பார்த்தான். இந்த முறை அவள் கூரையைப் பார்க்கவில்லை.